பதினோராவது நிபந்தனை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு அது மூக்கையும் தாண்டிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு டி.டி.பி. சென்டரில் நான்கு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடித்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் "பிருந்தா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவார்கள். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது, "மெஷின் என்னுது. நீ வெறும் விரலு. அத ஞாபகம் வச்சுக்கோ" என்றார்.

"அப்ப விரல எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று எழுந்துவிட்டேன்.

"போ, போ. பத்து நாளுல இந்த நாற்காலிக்கே வந்து நிப்ப. காலியாத்தான் கெடக்கும்."

படி இறங்கினேன். பின்னாலேயே ஐயம்பெருமாள் அண்ணாச்சி வந்தார். திசையன்விளைப் பக்கம் ஒரு ஊரில் தசராக் குழுத் தலைவர். வருஷா வருஷம் வேடம் கட்டிக் குலசேகரன்பட்டினம் போகிற குழு அது. அவர்களுடைய எட்டுப் பக்க நோட்டீஸை, முந்நூறு பெயரோடு, ஒரு பிழை இல்லாமல் மூன்று வருஷமாக நான்தான் அடித்துக் கொடுக்கிறேன்.

"ஏம்மா, ஒனக்குச் சொந்தமா மெஷின் இருக்கா?"

"வருது அண்ணாச்சி." வாயில் வந்தது பொய்தான். ஆனால் சொன்ன பிறகு அதைப் பொய்யாக விட எனக்கு மனசில்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அடுத்த சனிக்கிழம காலைல பத்து மணிக்கு ஒன் வீட்டுக்கு வாரேன். மொதப் பக்கத்த மட்டும் அடிச்சு மெஷின்ல காட்டு. காட்டிட்டா நோட்டீஸ் ஒனக்கு. எங்க பக்கத்துப் பதினாலு ஊரு குழுவையும் கூட்டியாரேன். இல்லன்னா இங்கனயே குடுத்துருவேன், கோவிச்சுக்கிடாத."

எழுதி வைத்திருந்த தாள்களை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாள். அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகவே கூடாது. வீடு இருக்கும் பெருமாள்புரம் வரை பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏறி ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க அன்றைக்கு என்னால் முடிந்திருக்காது.

அப்பா முப்பத்துநான்கு வருஷம் பொதுப்பணித் துறையில் குமாஸ்தாவாக இருந்து, போன வருஷம், அதாவது தொண்ணூற்றேழில், ஓய்வு பெற்றவர். தாமிரபரணியின் அணைக்கட்டு, கால்வாய், மடை எல்லாவற்றுக்கும் டெண்டர் கோப்பு அவர் கையால்தான் கட்டப்பட்டது. பெயர் திருஞானசம்பந்தம். ஆபீஸில் அவரை யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'டெண்டர் பிள்ளை'தான்.

நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வெரலுன்னா சொன்னான்?"

"ஆமாப்பா."

"எஸ்டிமேட் எம்புட்டு?"

ஓய்வுப் பணத்திலிருந்து முப்பத்தையாயிரம் தருவதாக முடிவானது. அதற்குமேல் ஒரு தம்பிடி இல்லை. அம்மா அன்னத்தாய், "அம்புட்டையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடப்போறியளா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "அதுல படம் வருமாட்டி?" என்று என்னிடம் தனியாகக் கேட்டாள்.

அடுத்த மூன்று நாளும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஜங்ஷன், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். அதுவரை நான் கம்ப்யூட்டரின் முகத்தை மட்டும் பார்த்தவள். இப்போது வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் கண்ணாடி அலமாரியில் தனித்தனியாக இருந்தது. பச்சை மதர்போர்டு, விரல் நீளத்தில் ராம், உள்ளங்கைக்குள் அடங்கும் ஹார்டு டிஸ்க். இரண்டு ஜி.பி. போதுமா, நாலு ஜி.பி. வேண்டுமா? மானிட்டர் பதினான்கா, பதினைந்தா? சிடி டிரைவ் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், பிரிண்டரும் வேண்டாம். ஃபிளாப்பியில் போட்டு அச்சகத்துக்குக் கொண்டுபோனால் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்பீக்கரை அடித்த பணத்தில் ராம் பதினாறு எம்பியிலிருந்து முப்பத்திரண்டு ஆனது. பட்டியலை அடித்தும் திருத்தியும் நோட்டில் பாதி தீர்ந்துபோனது. கனவிலும் கூட்டிக் கழித்தேன்.

கடைசிக் கடை உமர் பாரூக்குடையது. மேலப்பாளையத்துக்காரர், முப்பது வயது இருக்கும், எந்த மெஷினையும் பிரித்துக் கோர்ப்பார். என் பட்டியலைப் பார்த்தார். "தங்கச்சி, மொத்தமா எங்கிட்ட விட்டுருங்க. ஒண்ணுக்கொண்ணு சேருத சாமானாப் பாத்து நான் போட்டுத் தாரேன். முப்பத்தாறாயிரத்து ஐநூறு."

எஸ்டிமேட்டைவிட ஆயிரத்தைந்நூறு கூட. அப்பாவிடம் வந்து சொன்னேன்.

"மொத்தமா விடணுமாம்லா? எத்தன காண்ட்ராக்டர பாத்துருக்கேன்! மொத்தம்னு சொன்னாலே உள்ளுக்குள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம். ஏட்டி, அயிட்டம் வாரியா டெண்டர் போடுவோம். அயிட்டத்துக்கு அயிட்டம் எவன் கொறச்சலோ அவனுக்கு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதை மறைக்க மாட்டேன். 'மதர்போர்டு ஒன்று, ராம் 32 எம்பி, கேபினெட் ஒன்று, கீபோர்டு ஒன்று' என்று பட்டியலை எழுதிக் கொடுத்தது நான்தான். ராம் என்றால் ராம், அதில் என்ன சாதி இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்பா டெண்டர் படிவத்தைக் கார்பன் வைத்து எழுதினார். 'வேலையின் பெயர்: இயங்கும் நிலையில் கணினி ஒன்று அமைத்தல்.' கீழே பதினெட்டு நிபந்தனைகள். மடை கட்டும் டெண்டரிலிருந்து மனப்பாடமாக வந்தவை. 'வேலைக்குப் பயன்படுத்தும் மணல் களிமண் கலவாததாக இருக்க வேண்டும்' என்பதையும் அவர் விடவில்லை. கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தர் "மணல் எத்தன லோடு அண்ணாச்சி?" என்று கேட்டே விட்டார்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஒட்டிய கவர்களைப் பிரித்தோம். அப்பா அகலமான தாளில் ஒப்பீட்டு அட்டவணை போட்டார், குறைந்த விலைக்குச் சிவப்பு மையில் வட்டம். மதர்போர்டு ஜங்ஷனில், ராம் வண்ணார்பேட்டையில், கேபினெட்டும் கீபோர்டும் முருகன்குறிச்சியில். பாரூக்குக்கு ஒரே ஒரு வட்டம்தான் விழுந்தது, கோர்த்துக் கொடுக்கும் கூலிக்கு. மொத்தம் முப்பத்துமூவாயிரத்து எண்ணூறு! அப்பா பேனாவை மூடி மேஜையில் தட்டினார். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அடுக்களையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். அட்டவணையின் அடியில் 'ஒப்புதல் அளிக்கும் அதிகாரி' என்று போட்டிருந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை மாலை எல்லாப் பெட்டியும் வந்து சேர்ந்தது. பாரூக் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். மூன்றாவது பெட்டியில் அவர் கை நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இந்த போர்டு புது மாடலு. இதுக்குக் கரண்டு குடுக்க ஒத்தப் பெரிய பிளக்கு வேணும். எல்லாத்தையும் உள்ள வைக்குத இந்த கேபினெட்டு பழசு. இதுல ரெண்டு சின்ன பிளக்குத்தான் வருது. ஸ்க்ரூ ஓட்டையும் சேராது."

"வேற?" என்றார் அப்பா.

"ராமும் சேராது. போர்டுல இருக்கது நீளக் குழி. நீங்க வாங்குனது குட்டை ராம். கீபோர்டு பிளக்கு பெரிசு, போர்டுல ஓட்டை சின்னது." பாரூக் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஒவ்வொண்ணும் நல்ல சாமான்தான். ஒண்ணுக்கொண்ணுதான் சேராது."

அப்பா குனிந்து குட்டை ராமை எடுத்து நீளக் குழியின் மேல் வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். அவர் முகம் சிறுத்துப்போனதை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைகளில் எல்லாம் 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று பெயின்டில் எழுதித் தொங்கவிட்டிருப்பது கண் முன்னால் வந்தது. புதன் போனால் வியாழன், வெள்ளி. சனிக்கிழமை பத்து மணி. காலி நாற்காலி.

"போச்சுப்பா" என்றேன்.

அப்பா ராமைக் கீழே வைத்தார். எழுந்து போய் டெண்டர் கோப்பை எடுத்து வந்தார். நிபந்தனைகளின் மேல் விரலை வைத்துப் பைய இறங்கினார். பதினொன்றில் நின்றார்.

"வே பாரூக்கு, இத வாசியும்."

பாரூக் உரக்க வாசித்தார். "வழங்கப்பட்ட பொருள் மேற்படி வேலைக்குப் பொருந்தாவிடில், ஒப்பந்ததாரர் தம் சொந்தச் செலவில் இரண்டு நாளுக்குள் மாற்றித் தர வேண்டும்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மூன்று கடைக்காரர்களும் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள், மணலுக்குச் சிரித்த அதே சிரிப்போடு.

"அல்லாவே!" என்று பாரூக் தொடையில் தட்டினார். "கெட்டிக்கார மனுசன்வே நீரு!"

மறுநாள் கடை திறக்கும் முன்னாலேயே அப்பாவின் ஸ்கூட்டரில் போய் நின்றோம். மடியில் கேபினெட்டை வைத்துக்கொண்டு பின்னால் நான். முருகன்குறிச்சிக்காரர் முதலில் 'வாபஸ் பெறப்படமாட்டாது' என்று தொங்கிய போர்டைக் காட்டினார். அப்பா நிபந்தனையைக் காட்டினார். அவர் கையெழுத்தைப் பார்த்தார், தலையில் கை வைத்தார், கேபினெட்டையும் கீபோர்டையும் மாற்றிக் கொடுத்தார். நல்ல மனுஷர், டீயும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மீண்டும் உற்சாகம் ஏறிக்கொண்டது.

வண்ணார்பேட்டையில்தான் மாட்டிக்கொண்டோம். ராமை மாற்றித் தரக் கடைக்காரருக்குச் சம்மதம். "ஆனா நீள ராமு வெல கூட அண்ணாச்சி. மாத்துத செலவு என்னுது, வித்தியாசம் எப்படி என்னுது ஆகும்? எழுநூறு ரூவா."

நியாயமான பேச்சு. எஸ்டிமேட்டிலும் இடம் இருந்தது. ஆனால் அப்பா சிலையாக நின்றார். பையில் பணம் இருக்கிறது, கை போகவில்லை.

"என்னப்பா?"

"கொறஞ்ச வெலைக்கு மேல ஒரு ரூவா போணும்னாலும் மேலதிகாரி ஒப்புதல் வேணும். நான் இதுவரைக்கும் குடுத்ததில்லட்டி." குரல் தாழ்ந்துபோனது. "நான் எதையும் தேர்ந்தெடுத்ததே இல்ல. வட்டம் போட்டுருக்கேன், அம்புட்டுத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. அவரை முப்பத்துநான்கு வருஷம் வெறும் விரலாக வைத்திருந்தவர்கள் மேல். "இங்கன எந்த மேலதிகாரி இருக்கான்? யார்ட்ட போய் வாங்கப்போறிய?" என்று கடை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, ஒப்பீட்டு அட்டவணையை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்து, என் பக்கமாகத் திருப்பினார். தன் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கழற்றி நீட்டினார். ஒப்புதல் அளிக்கும் அதிகாரி என்ற இடத்தைச் சுட்டிக் காட்டினார்.

"நீதான். போடு."

கையெழுத்துப் போட்டேன். 'பிருந்தா' என்கிற நான்கு எழுத்துக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.  சந்தோஷத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுநூறு ரூபாயை இரண்டு தடவை தப்பாக எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பாரூக் கடைசித் திருகாணியை முடுக்கினார். அம்மா மானிட்டருக்குக் குங்குமம் வைத்தாள். "நீங்களே போடுங்க தங்கச்சி" என்று பாரூக் விலகிக்கொண்டார். பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. ஒரு நொடி, உயிர் போய் வந்தது. பிறகு உள்ளே காற்றாடி சுழன்றது, 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம், கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் விறுவிறுவென்று ஓடி ஏறின. 32768. நீள ராமின் கணக்கு! நான் கூவியதில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

பாரூக் தன் சிடி டிரைவைக் கடனாக மாட்டி விண்டோஸும் தமிழ் எழுத்தும் ஏற்றிக் கொடுத்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முதல் பக்கம் முடிந்துவிட்டது. கரையில் கோலம், நடுவில் குழுவின் பெயர், கீழே கொடியேற்ற நாள். ஒவ்வொரு எழுத்தும் திரையில் வந்து விழும்போது, இது என் மெஷின், இது என் விரல் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வாசலில் ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் குரல் கேட்டது. கூட இரண்டு ஊர்த் தலைவர்கள். அப்பாதான் கதவைத் திறந்தார். சலவைச் சட்டை போட்டு, பையில் பேனா செருகியிருந்தார்.

"நீங்கதான் மொதலாளியா சார்?"

"நான் குமாஸ்தா. அதிகாரி உள்ள இருக்காவ. உக்காருங்க, கேட்டுட்டு வாரேன்."

அவர்கள் பேசியதை உள்ளேயிருந்து நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். அப்பா அறை வாசலுக்கு வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல், முப்பத்துநான்கு வருஷம் நின்ற அதே நிலையில் நின்றார். முகத்தில் மட்டும் சிரிப்பு வழிந்தது.

"தசராக் குழுக்காரங்க வந்துருக்காங்க. அனுப்பட்டுமா மேடம்?"

எஸ்டிமேட்டில் நாற்காலி சேர்க்க நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம். அம்மாவின் அடுக்களை ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, "வரச் சொல்லுங்க" என்றேன்.