மீனாம்பாளுக்கு ஒரு குட்டைக் கட்டை

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. என் இரண்டு முழங்கால்கள் மீதும் சத்தியம் செய்கிறேன். இடது முழங்கால் ஆபரேஷன் ஆனது என்பதால் அதன்மீது இரண்டு தடவை.

கதை கிடைத்த இடம் போர்ட் பிளேரில் ஒரு கப்பல் டிக்கெட் கவுண்டர். ஹட் பே போவதற்காக வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் ஆளைக் காணோம்.

"கவுண்டர்ல யாரும் இல்லையா?"

"இருக்கேன். கொஞ்சம் கீழே பாருங்க."

பார்த்தேன். மீனாம்பாள் இருந்தாள். வயது முப்பத்தெட்டு. உயரம் நாலடி ஆறங்குலம். அவள் முன்னால் துப்பாக்கி சுடும் போட்டிக்கான விண்ணப்பப் படிவம் ஒன்று பாதி நிரப்பியபடி கிடந்தது. நான் டிக்கெட்டை வாங்காமல் கதையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

[முதலில் எழுதிய தொடக்கம்: "துப்பாக்கி வெடித்தது. அந்தமான் கடலே ஒரு கணம்..." அடித்துவிட்டேன். அது காற்றுத் துப்பாக்கி. வெடிக்காது, தும்மும்.]

2

மீனாம்பாளின் தொல்லை இதுதான். துப்பாக்கியின் பின்பக்கம் தோளில் பதிகிற மரத்துக்குக் கட்டை என்று பெயர். கட்டை நீளமாக இருந்தால் விரல் விசைக்கு எட்டாது. விரலை எட்டவைத்தால் கண் குறிக்கு எட்டாது. இரண்டையும் எட்டவைக்க அவள் கழுத்தை நீட்டுவாள். மதில்மேல் எட்டிப் பார்க்கிற ஆள்போல நின்றுகொண்டு யாருக்கும் குறி பார்க்க வராது.

அவள் சுடப் பழகுகிற கிளப்பின் நல்ல துப்பாக்கியில் நீட்டிக் குறைக்கிற கட்டை உண்டு. குறைத்துக் குறைத்து எல்லைக்குக் கொண்டுபோனாலும் கட்டை முனையிலிருந்து விசை வரை பதிமூன்று அங்குலம். அவளுக்கு அதுவே அதிகம். போதாததற்கு, அவளுக்கு அடுத்துச் சுடுகிற வினோத்குமார் ஆறடி ஆள். அவன் இழுத்துவிட்டுப் போவான், இவள் வந்து தள்ளுவாள்.

"நான் வெச்ச இடத்துல ஒரு நாளாவது இருக்கா பாரு!"

"ஸாரி தீதி. ஹர் பார், ஒவ்வொரு தடவையும் மறந்துடுறேன்."

ஆகவே அவளுக்கு வேண்டியது குட்டையான கட்டை. அதுவும் யாராலும் இழுக்க முடியாத, அசையாத கட்டை. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. தேறினால் மெயின்லேண்ட் போகிற அணியில் இடம். தேறாவிட்டால் அந்த அணிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற இடம்.

[வினோத்குமாரை வில்லனாக்க இரண்டு நாள் முயன்றேன். ஒவ்வொரு வரைவிலும் அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். கைவிட்டேன்.]

3

கிளப் செயலாளர் ஒரு வழி சொன்னார். மூலையில் பழைய துப்பாக்கி ஒன்று இருக்கிறது, அதன் கட்டையைக் கறையான் தின்றுவிட்டது, புதுக் கட்டை போட்டால் அதில் அவள் மட்டும் சுடலாம். கடையில் வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். குட்டைக் கட்டை சிறுவர்களுக்குத்தான் வருகிறது. இளஞ்சிவப்பு நிறம், பக்கவாட்டில் முயல் படம். அதுவும் மெயின்லேண்டிலிருந்து வந்துசேர ஒரு மாதம்.

"முயலைத் தோள்ல வெச்சுக்கிட்டு நான் சுட மாட்டேன்" என்றாள் மீனாம்பாள்.

ஆக, இங்கேயே செய்ய வேண்டும். அளவு எடுக்க ஜங்லிகாட் தையல்காரர் அப்துல் சமதுவிடம் போனாள். முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து ஆட்காட்டி விரலின் முதல் கணு வரை அவர் டேப்பை வைத்தார். பதினொன்றரை.

"யாருக்கு தங்கச்சி?"

"எனக்குத்தான் பாய்."

"டீக் ஹே" என்று சொல்லிச் சீட்டில் பதிமூன்று என்று எழுதினார்.*

*சமது பாய் நாற்பது வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறவர். துணி கப்பலில் வர வேண்டிய ஊர். ஒருமுறை தைத்தால் மூன்று வருடம் வர வேண்டும். சின்ன உடம்பைப் பார்த்தால் அவர் கை தானாக ஒன்றரை அங்குலம் 'வளர்த்தி' சேர்த்துவிடும். மூன்றாம் வகுப்பில் படித்தபோது அவர் தைத்துக் கொடுத்த கால்சட்டையோடு ஒருவன் தாலி கட்டினான். நான் பந்தியில் இருந்தேன்.

சீட்டு தச்சர் காத்தமுத்துவிடம் போனது. அவர் படகு கட்டுகிறவர். படகுக்காரர் எந்தப் பலகையையும் சொன்ன அளவில் அறுக்க மாட்டார். அரை அங்குலம் கூட விட்டு, பொருத்திப் பார்த்து, இழைத்துக் குறைப்பார். ஒருமுறை இப்படி அரையரையாக விட்டதில் படகு கொட்டகையைவிடப் பெரிதாகி வெளியே வரவில்லை. கொட்டகையையே கடலில் இறக்கினார்கள். இன்றும் மிதக்கிறது.

வியாழக்கிழமை கட்டை வந்தது. பழைய படாக் மரக் கட்டிலின் காலில் செதுக்கியது, சிவப்பாக, மழமழவென்று. மீனாம்பாள் தோளில் வைத்தாள். கழுத்து நீண்டது. அளந்து பார்த்தாள். பதிமூன்றரை.

கிளப் கட்டையைவிட அரை அங்குலம் நீளம்.

[இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். "அவள் விழிகளில் தேங்கிய நீர்..." அவள் அழவில்லை. நேரே ஜங்லிகாட் போய்ச் சத்தம் போட்டாள்.]

"பாய், முப்பத்தெட்டு வயசுல நான் இன்னும் எங்க வளரப் போறேன்?"

"அரே, அல்லாஹ் மனசு வெச்சா..."

"நீங்க மனசு வெச்சதே போதும்!"

4

சனிக்கிழமை மதியம். இழைத்துக் குறைக்க வேண்டிய காத்தமுத்து, வேறு படகு வேலையாக ஹட் பே போய்விட்டார், திங்களன்றுதான் வருவார். ஐந்து மணிக்குள் துப்பாக்கியைக் கிளப்பில் ஒப்படைக்க வேண்டும், சீல் வைப்பார்கள். ஒரு தடவை அறுத்து, தோள்தகடு மாட்டி, ஓட வேண்டியதுதான். சுட்டுப் பார்க்க நேரமில்லை.

குட்வில் எஸ்டேட்டில் அவள் வீட்டு வராந்தா. கட்டையில் மூன்று பென்சில் கோடுகள்.

பன்னிரண்டில் இருப்பது வினோத்குமார் போட்டது. "கொஞ்சம் விட்டு வை தீதி. கம்மியாப் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

பதினொன்றரையில் இருப்பது சமது பாய் நேரில் வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே போட்டது. "இது சுத்தமான அளவு தங்கச்சி. வளர்த்தி இல்ல, கசம் சே, சத்தியமா."

பதினொன்றில் இருப்பது அவளே போட்டது. போட்டி ஜாக்கெட் அரை அங்குலம் தடிமன். வெறுங்கையில் எடுத்த அளவில் அது சேரவில்லை. இது அவளுக்கு நேற்றுத்தான் தோன்றியது. ஜாக்கெட் தோளில் அழுந்துமா, அழுந்தாதா என்பது தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை. இந்தப் பகுதியை ஏழு தடவை எழுதினேன். பன்னிரண்டில் அறுத்தால் அவள் மறுபடி கழுத்தை நீட்டுகிறாள். பதினொன்றில் அறுத்தால் ஒரு வரைவில் அணியில் சேர்கிறாள், இன்னொன்றில் விசை மூக்குக்குக் கீழே வந்து நிற்கிறது. பதினொன்றரையில் அறுத்த வரைவில்

அதை முடிக்கவில்லை. டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் எந்தக் கோடு யாருடையது என்று எனக்கே குழம்பிவிட்டது.

5

வினோத்குமார் கட்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறான். மீனாம்பாள் ரம்பத்தை எடுத்துவிட்டாள்.

"எதுல தீதி?"

"பேசாம பிடி."

"பாத்து. என் விரலும் அங்கதான் இருக்கு."

"உன் விரலுக்கு எந்தக் கட்டையும் எட்டும். இது எனக்கு."

மணி நாலு பத்து. அவள் கை கோடுகளின் மேல் போகிறது, வருகிறது. நான் பேனாவை வைத்துவிட்டேன். கடைசியில் ஒரு கோட்டில் ரம்பத்தின் பல்லைப் பதித்து, மூச்சைப் பிடித்து, முதல் இழுப்பு இழுக்கிறாள். சிவப்புத் தூள் உதிர்கிறது. எந்தக் கோடு என்பதை அவள் தோள் மறைத்திருப்பதால் இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்த்துச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதை வைத்துத்தான் நடக்கும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரே ஒரு விவரத்தை மட்டும் சரிபார்த்தேன். மீனாம்பாளின் உயரம் நாலடி ஆறங்குலம் இல்லையாம், ஐந்தடி எட்டு அங்குலம்.