கண்ணாடி வாங்கிய ஞாயிறு

என் மகளை வீட்டுக்கு வராதே என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அவள் அப்பாவை ஜாடையாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லாம் அவள் மேல் இருந்த ஆசையில்தான். இதை யாரிடம் சொன்னாலும் நம்புவார்கள். அவள்கூட நம்பிவிட்டாள். அதனால் ஒன்றும் சரியாகிவிடவில்லை.

நாங்கள் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஹைதராபாத் வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரன் மத்திய அரசு நிறுவனத்தில் இன்ஜினியர். உப்பலில் சொந்த ஃபிளாட். எங்கள் ஒரே பெண் அக்ஷதா இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். தமிழில் அவள் வாயைத் திறப்பது காய்ச்சல் வந்தால், இல்லையென்றால் அழுகை வந்தால். பெங்களூரில் இரண்டு வருஷமாக சாஃப்ட்வேர் வேலை. லீவு கிடைத்தால் ராத்திரி பஸ் ஏறி, விடிவதற்குள் தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தொப்பென்று விழுவாள்.

"திருடன்னு நெனச்சேன்டி! பெல்ல அடிச்சிட்டு வந்தா கொறைஞ்சா போயிடுவ?" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவேன்.

பிப்ரவரியில் அவள் ஒரு படம் அனுப்பினாள். யாரோ ஒருத்தருடைய அறை. பழைய தேக்கு மேஜை, பித்தளை விளக்கு, செதுக்கு வேலை செய்த சட்டத்தில் ஒரு கண்ணாடி. என் ரூம் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெலுங்கில் இரண்டு வரி எழுதியிருந்தாள். அவள் அடுத்த நிமிஷமே மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை. ஜூன் எட்டாம் தேதி அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது. அதற்குள் அந்த அறையை அப்படியே ஆக்கிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன்.

ஏப்ரல் பிறந்ததும் வேலை ஆரம்பித்தது. வெயிலில் பட்டியும் பெயின்டும் சீக்கிரம் காயும் என்று பெயின்டர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் எர்ரகட்டா சந்தைக்குப் போனோம். உப்பலில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டில் வண்டி மாறி, ரோடு ஓரம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கும் பழைய சாமான்களில் தலையை விட்டால் மத்தியானம்தான் நிமிர்வோம். அந்தச் சந்தையில் நிஜாம் காலத்துக்கு அப்புறம் செய்த பொருள் ஒன்றுகூடக் கிடையாது. மிக்ஸி ஜாரைக்கூட நிஜாம் காலத்தது என்றுதான் சொன்னார்கள். அவர் விலை கேட்பார், நான் வேண்டாமென்று "நக்கோ பாய்" சொல்லி நாலடி நடப்பேன், கடைக்காரர் திரும்பக் கூப்பிடுவார். கல்யாணமான புதுசில்கூட நாங்கள் இப்படிச் சேர்ந்து சுற்றியதில்லை. தேக்கு மேஜை ஆட்டோ டிராலியில் வந்தது. தினமும் ஆபீஸ் போவதற்கு முன்னும் வந்த பிறகும், பால்கனியில் உட்கார்ந்து, அவர் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அக்ஷதாவின் பழைய பிளைவுட் மேஜை, சுவரில் அவள் ஒட்டிய ஸ்டிக்கர், அலமாரிக் கதவு எல்லாம் காயலான் கடைக்குப் போயின.

ஏப்ரல் கடைசியில் அவள் முதல் தடவை கேட்டாள். "வீகெண்ட் ரானா மா?" வரட்டுமா என்று. வந்தால் எல்லாம் தெரிந்துவிடுமே. "வேணாம்டி, பெயின்ட் அடிக்கிறோம். உனக்குத் தூசி ஆகாது" என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து மறுபடியும். தூசி பரவாயில்லை, ஹாலில் படுத்துக்கொள்கிறேன் என்றாள். பெயின்ட் சாக்கு இனி எடுபடாது என்று தெரிந்தது. அதனால் பெரிதாக ஒன்றை எடுத்துவிட்டேன். "பெரியம்மா குடும்பமே ஊர்லேர்ந்து வந்திருக்காங்கடி. உன் ரூம்லதான் இருக்காங்க. ஹால்ல கால் வைக்க எடமில்ல." போனை வைத்துவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை மே மாத நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. பின்னால் ஒரே பஸ் சத்தம். பெங்களூர் டிராஃபிக் என்று நினைத்தேன்.

"அம்மா, பெரியம்மா போயிட்டாங்களா? நான் வீட்டுக்கு வரட்டுமா?"

தமிழில் கேட்டாள். முழுசாக, ஒரு தெலுங்கு வார்த்தை இல்லாமல். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! "அடடா, என் பொண்ணுக்குத் தமிழ் வந்துடுச்சே!" என்று சிரித்தேன். "இல்லடி, அவங்க இன்னும் இருக்காங்க. நீ பொறந்த நாளுக்கு வா" என்றேன். "சரிம்மா" என்றாள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "குரல் ஒரு மாதிரி இருக்கே. வரச் சொல்லேன் உஷா."

"உங்களுக்கு ஒரு ரகசியம் வயித்துல நிக்காது. பேசாம தேய்ங்க" என்று அவர் வாயை அடைத்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் கண்ணாடி வாங்கினோம். தேக்குச் சட்டம், உச்சியில் ஒரு மயில். மயிலுக்கு மூக்கு உடைந்திருந்ததால் பாதி விலைக்குத் தந்தார்கள். மெட்ரோ வாசலில் செக்யூரிட்டியிடம் கெஞ்சி உள்ளே கொண்டுவந்து, அமீர்பேட் எஸ்கலேட்டரில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஏறினோம். "மயில் மூக்க நான் ஒட்டிடுவேன், உன் மூக்குதான் கோவத்துல சிவந்தா ஒண்ணும் பண்ண முடியாது" என்று அவர் கிண்டல் செய்ய, நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஜூன் எட்டாம் தேதி காலை காலிங் பெல் அடித்தது. திறந்தால் அக்ஷதா. தோளில் ஒரு சின்னப் பை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "சாவி எங்கடி தொலைச்ச?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல், அவள் கண்ணைப் பொத்தி அறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன்.

கையை எடுத்தேன். மேஜையைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். "சால பாகுந்தி மா" என்றாள். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அப்புறம் கண்ணாடி முன்னால் போய் நின்று, மயிலின் மூக்கை விரலால் தொட்டாள்.

"அன்னைக்கு இதுக்கு மூக்கு இல்ல."

தமிழில். "என்னைக்குடி?"

"அமீர்பேட் ஸ்டேஷன்ல நீயும் அப்பாவும் எடுத்துட்டுப் போனீங்களே, அன்னைக்கு. நான் கீழ நின்னேன். நீ ரொம்ப சிரிச்சிட்டிருந்தம்மா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஏப்ரலில் அவள் டீமையே வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் முதல் இரண்டு தடவை வருகிறேன் என்றாள். போனில் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாவது தடவை அவள் பேசியது பெங்களூரிலிருந்து இல்லை. அறையைக் காலி செய்துவிட்டு, இரண்டு பெட்டியோடு உப்பல் ரிங் ரோடில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றிருக்கிறாள். இங்கிருந்து பத்து நிமிஷ நடை.

"நேரா வீட்டுக்கு வந்திருக்கலாமேடி! சாவி இருந்துச்சே!"

"பெரியம்மா முன்னாடி வேலை போச்சுன்னு பெட்டியோட வந்து நிக்க முடியுமா? ஊருக்கே தெரிஞ்சிடும். உனக்குத்தானே அவமானம்."

அமீர்பேட்டில் ஒரு ஹாஸ்டலில் இடம் பிடித்து, புதுசாக ஒரு கோர்ஸில் சேர்ந்திருக்கிறாள். மூன்று பேர் இருக்கும் அறையில் ராத்திரி போர்வைக்குள் அழுவாளாம். நாங்கள் வண்டி மாறிய ஸ்டேஷனிலிருந்து அது இரண்டு தெரு.

"பாத்தியே, ஒரு கொரல் குடுத்திருக்கக்கூடாதா?" என்றார் அவர்.

"வீட்ல ஆளுங்கள விட்டுட்டு ரெண்டு பேரும் கண்ணாடி வாங்க வருவீங்களாப்பா? அப்பதான் புரிஞ்சுது, யாரும் வரலைன்னு. நான்தான் வர வேணாம்னு."

"உனக்காகத்தான்டி, சத்தியமா உனக்காகத்தான்!" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் முதுகைத் தட்டிக்கொடுத்து, "இப்ப தெரியுதும்மா, பரவால்ல" என்றாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நானும் கத்தி, இரண்டு பேரும் அழுது, சாயங்காலத்துக்குள் எல்லாம் ஆறியிருக்கும். சண்டை போட எனக்குத் தெரியும். பரவாயில்லை என்று சொல்கிறவளை என்ன செய்வது?

ஆகஸ்டில் இதே ஊரில், மாதாப்பூரில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே போகலாமே என்று கெஞ்சினேன். ஹாஸ்டல் ஆபீசுக்குப் பக்கம் என்றாள். அவள் அறையைத் தினமும் துடைக்கிறேன். மேஜையில் ஒரு கீறல் இல்லை.

ஞாயிறு தவறாமல் வருகிறாள். சனிக்கிழமையே போன் வந்துவிடும். "ரேப்பு ரானா மா?" நாளைக்கு வரட்டுமா என்று.

போன ஞாயிறும் பெல் அடித்தது. ஈரக் கையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பையை மார்போடு அணைத்தபடி மிதியடிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"உன்கிட்டதான் சாவி இருக்கேடி."

"உந்தி மா" என்றாள். இருக்கிறதாம். நான் "உள்ள வா" என்று சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.