கழுவாத மிஷின்

பெரியவன் அடிக்கும்போது பேசமாட்டான். பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு வாயை மூடுவான். அப்புறம்தான் கை வரும். அதனால் அவன் வாயை மூடியதுமே சின்னவனுக்குக் கை கால் உதறும். ஐந்து வயதில் தொடங்கிய உதறல், நாற்பதாகியும் விடவில்லை.

அன்று காலை அவன் வாயை மூடியது, மைதானத்துக்குத் தண்ணீர் விடும் மோட்டார்க்காரனுக்கு முன்னால். பம்ப் அறை வாசலில்.

"சாயங்காலம் தண்ணி திறந்தியா?"

"இல்லண்ணே. நீங்க சொன்ன மாதிரி விடியக்காலைலதான். வேணும்னா மோட்டார் சூட்டைத் தொட்டுப் பாருங்க, இப்பதான் நிறுத்தினேன்."

"பொய் சொல்லாத. புல்லு ராத்திரி முழுக்க நனையாம இந்தப் புள்ளி எப்படிடா வரும்?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம்ணே."

முதல் அடி காதோடு விழுந்தது. இரண்டாவதில் மோட்டார்க்காரன் குழாய்க் குவியலின் மேல் சரிந்தான். பெரியவன் காலைத் தூக்கினான். பூட்ஸ் விலாவில் இறங்கிய சத்தம், ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி இருந்தது. சின்னவன் நான்கடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தக் கால் நின்றுவிடும். வாக்கியம் தொண்டைவரை வந்தது. கால் இன்னும் மூன்று முறை இறங்கியது.

அந்தக் கால்பந்து மைதானத்தின் புல் அண்ணன் தம்பி இருவர் பொறுப்பு. பின்னால் சின்னதாக ஒரு பயிற்சி மைதானம். அதையும் தாண்டி, வேலையோடு கொடுத்த இரண்டறை வீடு; பெரியவனும் அவன் மனைவியும் ஓர் அறையில், கட்டைப் பிரம்மச்சாரியான சின்னவன் மற்றதில். நோய் முதலில் வந்தது பயிற்சி மைதானத்துக்கு. இலையில் கடுகளவு பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றி ஊதாக் கரை. நாலு நாளில் புள்ளி நீண்டு நடுவில் வைக்கோலாக வெளுத்தது. பூஞ்சை.

பெரியவன் அன்றே சட்டம் போட்டான். தண்ணீர் விடியற்காலையில் மட்டும், வெயிலில் இலை காய வேண்டும். யூரியா மூட்டையைத் தொடக்கூடாது. "காய்ச்சல்காரனுக்குக் கறி விருந்து வைக்காதீங்கடா" என்றான். புல்வெட்டும் மிஷினின் பிளேடு மழுங்கினால் இலை நுனி கிழியும், கிழிந்த வாய் வழியாக நோய் ஏறும், ஆகவே வாரம் இருமுறை சாணை. வெட்டிய புல்லைச் சாக்கில் அள்ளி எரிக்க வேண்டும். கடைசியாகத் தம்பியைப் பார்த்து, "அங்க வெட்டின மிஷினைக் கழுவாம பெரிய மைதானத்துல இறக்கினே, கையை ஒடைச்சிருவேன்" என்றான்.

தினமும் விடிந்ததும் நீளமான தடிக்கயிற்றின் இரு முனைகளை இருவரும் பிடித்துக்கொண்டு மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுப்பார்கள். கயிறு பட்டதும் பனி இலையை விட்டு உதிரும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. முந்தின நாள் அடி வாங்கியிருந்தாலும் சின்னவன் தன் முனையைப் பிடித்தாக வேண்டும்.

அப்படியிருந்தும் ஒரு நாள், மழை இருட்டிக்கொண்டு வந்த அவசரத்தில், மிஷினைக் கழுவாமலே பெரிய மைதானத்தில் இறக்கிவிட்டான். ஒரு நாள்தானே என்று நினைத்தான். பத்து நாள் கழித்து அங்கும் புள்ளி. ஈரம் அதிகமுள்ள, தண்ணீர் தெளிக்கும் குழாய்த் தலைகளைச் சுற்றித்தான் முதலில் முற்றியது. பெரியவனுடைய சந்தேகம் நேராக மோட்டார்க்காரன்மேல் போனதற்கு அதுதான் காரணம்.

அடி விழுந்த அன்றிலிருந்து மூன்று நாள் பெரியவன் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்தான். மூன்றாம் நாள் மத்தியானம், தாடையில் கட்டோடு மோட்டார்க்காரன் வேலைக்குத் திரும்பினான். கொட்டகையில் பிளேடுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்த சின்னவன், வீட்டிலிருந்து அண்ணன் பம்ப் அறைப் பக்கம் வேகமாக நடந்து போவதைப் பார்த்தான். கையில் ஒன்றும் இல்லை. தொப்பிகூட இல்லை. பாவம், இன்னும் அடி பாக்கி போலிருக்கிறது என்று நினைத்துச் சாணையைத் தொடர்ந்தான்.

இரும்பு எலும்பில் படும் சத்தம் கேட்டதும் ஓடினான்.

பெரியவன் ஈரத் தரையில் குப்புறக் கிடந்தான். பின்மண்டை உள்ளே போயிருந்தது. மோட்டார்க்காரன் இரண்டடி நீளக் குழாய் ஸ்பேனரை இரு கையாலும் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றான். "திரும்ப அடிக்க வந்தாருண்ணே... கதவைச் சாத்தினாரு... எதையோ எடுக்கத்தான் திரும்புறாருன்னு..."

சின்னவன் ஸ்பேனரைப் பிடுங்கினான். முதல் அடியில் முன்கை முறிந்தது. அடுத்தது முழங்கால். மோட்டார்க்காரன் அலறி, அலறல் முனகலாகி, முனகலும் நின்ற பிறகும் அவன் நிறுத்தவில்லை. மைதானக் காவலாளிகள் இருவர் சேர்ந்து இழுத்துப் பிரித்தபோது, தானும் அண்ணனைப் போலவே ஒரு வார்த்தை பேசாமல் அடித்திருப்பது அவனுக்கு உறைத்தது.

பெரியவன் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்துவிட்டான். "எங்கண்ணன் ஒண்ணும் செய்யல. இவன் காத்திருந்து கொன்னான். அவரைக் காப்பாத்தத்தான் அடிச்சேன்." போலீஸார் எழுதிக்கொண்டார்கள், சின்னவன் கையெழுத்துப் போட்டான். ஆஸ்பத்திரியில் ஒரு கையும் ஒரு காலும் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்த மோட்டார்க்காரன்மேல் திட்டமிட்ட கொலை என்று வழக்கு ஏறியது.

அண்ணன் இறந்த எட்டாம் நாள் விடியலில் சின்னவன் கயிற்றின் ஒரு முனையை முளையில் கட்டி, மறு முனையைத் தனியாக இழுத்துப் பார்த்தான். கயிறு வளைந்து சுருண்டது; பாதிப் புல்லில் பனி அப்படியே நின்றது. மருந்து அடித்த இடங்களில் அடியிலிருந்து புது இலை பச்சையாக வந்திருந்தது.

அண்ணி கோட்டோரம் வந்து நின்றாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மிஷினைக்..."

"கழுவல. தெரியும்."

அவன் கயிற்றை விட்டுவிட்டான்.

"உங்க ரெண்டு பேர் துணியையும் துவைக்கிறவ நான். மிஷின் கழுவுற அன்னைக்கு உன் கால்சட்டை முழங்கால் வரைக்கும் பச்சையா அப்பிக்கிட்டு வரும், தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் தேயும். அன்னைக்கு வந்த கால்சட்டையில ஒரு பொட்டுக் கறை இல்ல."

"அண்ணனுக்கு..."

"அந்த மத்தியானம் சாப்பிடும்போதுதான் சொன்னேன். மோட்டார்க்காரன் தாடைக்கட்டோட உள்ள போறதைப் பார்த்ததும் மனசு கேக்கல. பாதிச் சாப்பாட்டுல கையை உதறிட்டு எந்திரிச்சாரு. உன்னை அடிக்கத்தான் போறாருன்னு பயந்தேன். 'முதல்ல அந்தப் பயகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வர்றேன், அப்புறம் இவனைப் பாத்துக்கறேன்'னாரு. வாழ்க்கையில ஒரு தடவைகூட யார்கிட்டயும் கேக்காத மனுஷன். பத்துப் பேர் பாக்கறதுக்கு வெக்கப்பட்டுத்தான் கதவைச் சாத்தியிருப்பாரு."



அவள் குனிந்து நனைந்த கயிற்றை எடுத்து அவன் முகத்தில் விளாசினாள். அடுத்தது தோளில். மூன்றாவது அடி கழுத்தில் பட்டுத் தோல் உரிந்தது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"நீ எழுதிக் குடுத்தது பொய்னு எனக்குத் தெரியும். ஆனா நான் போய்ச் சொன்னா, நீயும் என் கையை விட்டுப் போயிருவே. எட்டு நாளா அதை யோசிச்சே செத்துக்கிட்டிருக்கேன். இனிமே அந்தப் பாவத்தை என் தலையில போடாத."

"போய்ச் சொல்லிடறேன் அண்ணி. என்னையும் பிடிச்சு உள்ள வச்சிருவாங்க."

"வைக்கட்டும்."

அவள் மூச்சு வாங்கியபடி முளையிலிருந்து முனையை அவிழ்த்தாள். தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"வெயில் வர்றதுக்குள்ள இதை முடி. பிடி அந்தப் பக்கம்."

இருவரும் அந்தக் கோடிவரை இழுத்தார்கள். அவள் கயிற்றைச் சுருட்டத் தொடங்கியபோது, சின்னவன் கழுத்து எரிய, முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு போலீஸ் நிலையம் போகும் தெருவில் நடந்துகொண்டிருந்தான்.