அக்காவின் காது சிவந்த அரை மணி நேரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மருந்து டப்பாவின் பின்பக்கத்தில் பிறந்தது. 'வைட்டமின் பி3. சிலருக்கு முகம் சிவக்கலாம்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்தவன் நான். படிக்காமல் விழுங்கியவள் என் அக்கா.

முதல் தொடக்கம்: அவளது விரல்கள் பனிக்கட்டியைப் போல

(வேண்டாம். பனிக்கட்டி எல்லார் கதையிலும் உருகித் தீர்ந்துவிட்டது.)

அக்கா முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். கல்லாவில் உட்கார்ந்து கதை எழுதுவது என் வேலை. அவள் விரல் பட்டாலே வாடிக்கையாளர்கள் கழுத்தைச் சுருக்கிக்கொள்வார்கள், கத்தரி கோணிப்போகும். அசையாமல் இருப்பவர் ஒருவர்தான்: பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வெட்ட முடி இல்லாவிட்டாலும் வந்துவிடுவார்.

2

கொஞ்சம் கட்டுரை. பொறுத்தருள்க. பி3-இல் நிக்கோட்டினிக் அமிலம் என்று ஒரு வகை உண்டு. அளவு கூடினால் தோலுக்கடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரியும். முகமும் காதும் சிவந்து சுடும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இதனால் சில்லிட்ட விரல் சரியாகுமா? டாக்டரைக் கேட்க வேண்டிய கேள்வி. அக்கா யாரைக் கேட்டாள்? வெறும் வயிற்றில் இரண்டைப் போட்டுக்கொண்டு கத்தரியை எடுத்தாள்.

* நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எனக்கெதற்கு வீண் பழி.

3

அன்றைக்கென்று பார்த்து, கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"உங்களுக்குச் சம்மதம்னா, வீட்டுக்கு வந்து பேசட்டுமா?"

எதிரே நிலைக்கண்ணாடியில் அக்காவின் முகம் செக்கச் செவேலென்று இருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பதில் கெடச்சிடுச்சுங்க."

"ஐயோ, இது வெட்கம் இல்லைங்க. வைட்டமின்."

(இந்த வரியை என் தோளுக்கு மேலாகப் படித்த அக்கா தலையில் குட்டினாள். "நான் எங்கடா ஐயோன்னேன்?" சரி, 'ஐயோ'வை எடுத்துவிடுகிறேன்.)

அவர் முகம் தொங்கிப்போனது. பல மாதம் சேர்த்துவைத்த தைரியம், பாவம். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"மாத்திரை வேகம் அடங்கட்டும். அப்புறம் கேக்குறேன். நாளைக்கு ஒரு சந்தேகம் வந்துடக் கூடாது பாருங்க."

4

அந்த அரை மணி நேரமும் அக்கா வெட்டினாள். அவர் தலையில் இருந்ததே நாலு முடி.

"என் கை சில்லுன்னு இருக்குமே. ஒருநாளும் சொன்னதில்லையே நீங்க?"

"சொன்னா கையுறை மாட்டிக்குவீங்களே."

அக்கா குனிந்து கண்ணாடியில் தன் காதைப் பார்த்துக்கொண்டாள். "போயிடுச்சு. இப்பக் கேளுங்க."

கேட்டார். மறுபடி சிவந்தது.

முடிவு ஒன்று: அது மாத்திரையின் மிச்சம்.

முடிவு இரண்டு: அது

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டேன். அடங்கியது மறுபடி வரும் என்று எங்கும் போடவில்லை. அக்காவைக் கேட்டால், "மாத்திரைதான்டா, வேற என்ன?" என்கிறாள், காதுவரை சிவந்துபோய். இன்றைக்கு அவள் மாத்திரையே போடவில்லை.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் மணி அடிக்கிறது. நான் போய் மாமாவுக்குக் கதவைத் திறக்க வேண்டும்.