வளைவு சொல்கிறவன்

ரொனால்டின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, நாகல் நகரில் அவன் வீட்டுப் பந்தியிலேயே கூட்டாளிகள் பழைய சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். உலகத்திலேயே பெரிய ஓட்டுநர் ஃபார்முலா ஒன்னிலா, ராலியிலா? செத்தவன் படத்துக்கு முன்னால் பேசுகிற பேச்சா இது என்று அவர்களோடு உட்கார்ந்திருந்த கஸ்பாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரொனால்டு ராலிதாம்பான்," என்றான் ஒருவன். "தெரியாத ரோட்டுல, பக்கத்து ஆளு வளைவு சொல்லச் சொல்ல, அவன நம்பியே அடிச்சிட்டுப் போறாம்ல."

விபத்து நடந்த அன்றைக்கு நத்தம் ரோட்டில் ரொனால்டு அதைத்தான் பைக்கில் செய்து காட்டினான். அவனுக்கு அந்த ரோடு புதுசு. அன்றாடம் போய்வருகிற கஸ்பார் பின்னால் உட்கார்ந்து வளைவு சொல்லவேண்டும். நாலைந்து வளைவு ஒழுங்காகச் சொன்னான். பிறகு ஃபார்முலா ஒன் ஆட்களைத் தூக்கிப்பிடித்துப் பேசிய பேச்சில், புளியமரத்து வளைவை விட்டுவிட்டான்.

வெஞ்சனம் வைக்க வந்த ரொனால்டின் அம்மா வியாகுலம்மாள் கஸ்பார் இலைக்கு மேல் குனிந்தாள்.

"நீதான பின்னால இருந்த. கடைசியா எதுவும் சொன்னானா, அப்பு?"

"ஒன்னும் சொல்லலம்மா."

ரொனால்டு இரண்டு தடவை கேட்டிருந்தான். "ஏலே, அடுத்து எந்தப் பக்கம்?"