மூன்றாகக் கழலும் தூண்டில்

லோகேஸ்வரனுக்கு முதலில் கைதான் பேசும், வாய் அப்புறம்தான். பாகாலா சுற்றுவட்டாரத்தில் அவனிடம் அடி வாங்காத முரடர்கள் குறைவு. கல்யாணப் பந்தியில் ஒருவனுடைய தாடையைப் பெயர்த்தான், பஸ் ஸ்டாண்டில் இன்னொருவனுடைய மூக்கை உடைத்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை போயிற்று. கடைசியில் அவன் மனைவி மல்லிகா தீர்த்துச் சொல்லிவிட்டாள்: இனி எவன் மேலாவது கை வைத்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு குப்பம் ஊரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவாளாம். அவள் சொன்னால் செய்கிறவள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஹிமாச்சலத்து மலை முகாம் ஒன்றிலிருந்து வேலை வந்தது. ஆற்றில் மீன் பிடிக்க வரும் பணக்கார விருந்தாளிகளுக்குத் துணைபோகிற வேலை. முன்பு காவிரிக்கரை முகாம் ஒன்றில் சமையல் எடுபிடியாக இருந்தபோது, இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் வீசி மீனை ஏமாற்றும் வித்தையை அவன் கற்றிருந்தான். முதலாளி கேட்டது இரண்டே விஷயம். தூண்டில் கோல் சொந்தமாக இருக்க வேண்டும், அதுவும் மூங்கிலென்றால் விருந்தாளிகள் சொக்கிப்போவார்கள். போலீஸ் கேஸ் எதுவும் கூடாது. பழைய சண்டைகளெல்லாம் இரு தரப்பும் பேசித் தீர்த்து ராஜியாகிவிட்டதால் போலீஸ் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் ரயில். கோல் மட்டும்தான் பாக்கி.

கோல் விற்கிறேன் என்று போனில் விளம்பரம் போட்டிருந்தவன் திருப்பதி பிரஹ்லாத். அவன் அப்பா வேதாந்தம், கோயில் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகக் கைங்கரியம் செய்யும் வைஷ்ணவர். மீன் கூடை போகிற தெருவில்கூட நடக்காத குடும்பம் அது. பெங்களூரில் படிக்கப் போன இடத்தில் பிள்ளைக்கு இந்தத் தூண்டில் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. மீனைப் பிடிப்பான், கண் குளிரப் பார்ப்பான், திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். மீனுக்கு நோகக் கூடாதென்று தூண்டில் முள்ளில் மீனைக் கழலவிடாமல் பிடிக்கும் எதிர்முள்ளை அரத்தால் தேய்த்து வைத்திருந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அப்பாவின் கைங்கரியத்தை ஏற்க வேண்டியவன் என்பதால், வீட்டுக்குத் தெரியும் முன் எல்லாவற்றையும் தள்ளிவிடப் பார்த்தான்.

நண்பனுடைய அறையில் மூன்று கோல்களை எடுத்து வைத்தான். லோகேஸ்வரன் மாப்பிள்ளை பார்க்கிறவன்போல ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மலை ஓடைக்கும் ஆவணும், பெரிய ஆத்துக்கும் ஆவணும். ரயில்ல சீட்டுக்கு அடியில போவணும். வெலையும் கையைக் கடிக்கக் கூடாது" என்றான்.

முதல் கோல் இரண்டு துண்டு. கழற்றினாலும் ஆள் உயரத்துக்கு நீண்டது. இரண்டாவது துடைப்பக்குச்சி மாதிரி லேசு, பெரிய மீன் இழுத்தால் தாங்காது. மூன்றாவது, ஆறு மூங்கில் சீவல்களை ஒட்டிச் செய்து பித்தளைப் பூண்களால் மூன்றாகக் கழலும் கோல். ஒரு பூணருகே விரிசல் விட்டு, பட்டுநூல் சுற்றிச் சரிசெய்திருந்தார்கள். அதனால்தான் மலிவு. கையில் எடுத்ததும் அவனுக்கு மனசு அதிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் ஒரு மீன் இழுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றான்.

சித்தூர் சாலையில் உள்ள ஓர் ஏரிக்குப் போகலாம் என்று சொன்னது பிரஹ்லாத்தான். அது குத்தகை ஏரியாச்சே, முள் போட்டாலே திருட்டு என்பார்களே என்று லோகேஸ்வரன் தயங்கினான். பிடித்த மீனைத்தான் விட்டுவிடப் போகிறோமே, அப்புறம் எப்படித் திருட்டாகும் என்றான் பிரஹ்லாத். மீனை வாயால் அறியாத வீட்டில் பிறந்தவனுக்குத்தான் இப்படி ஒரு நியாயம் தோன்றும்.

கரைமேல் கருவேலம் புதரோரம் நின்று லோகேஸ்வரன் வீசினான். கோல் வளைந்து நிமிர்ந்த அழகில் அவனுக்கே சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் கையகல ஜிலேபி மீன் ஒன்று மாட்டியது. பிரஹ்லாத் முழங்கால் தண்ணீரில் இறங்கி, முள்ளைக் கழற்றி, மீனை இரண்டு கையாலும் ஏந்தி நீருக்குள் விட்டான்.

அந்த நேரம் பார்த்துக் குத்தகைக்காரன் ரங்கன் இரண்டு ஆட்களோடு வந்து சேர்ந்தான். கேள்வி கிடையாது. பிரஹ்லாத்தின் முதுகில் ஓர் உதை விழுந்தது. குப்புற விழுந்தவனைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப்போட்டுக் கட்டையால் அடித்தார்கள். மீன் எங்கே என்று கேட்டார்கள். விட்டுவிட்டேன் என்றான். தன்னை நையாண்டி செய்கிறான் என்று ரங்கனுக்கு ரத்தம் கொதித்தது. விலா எலும்பில் மிதித்தான்.

"நான் மீன் சாப்பிட மாட்டேன். எங்காத்துல தொடக்கூட மாட்டா" என்று பிரஹ்லாத் அழுதான்.

"தொடமாட்டியா? துன்ன வெக்கிறேன் பாரு."

ரங்கனுடைய கூடையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ஒருவன் மூக்கைப் பொத்த, இன்னொருவன் கையை முறுக்க, உயிருள்ள மீனை ரங்கன் அவன் வாய்க்குள் திணித்தான். துடுப்பு முள் உதட்டைக் கிழித்தது. ரத்தமும் செதிலும் மோவாயில் வழிந்தன. கட்டைவிரலால் இன்னும் உள்ளே தள்ளினான் பாவி.

புதரோரம் லோகேஸ்வரனுக்குக் கை தானாக முஷ்டியானது. இந்த மூன்று பேரும் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ரயில் கண்ணுக்கு முன்னால் வந்தது, மல்லிகா வந்தாள், குழந்தை வந்தது. அவன் தூண்டில் நரம்பைச் சுற்றினான். கோலை மூன்றாகக் கழற்றித் துணிப்பைக்குள் செருகினான். அது அத்தனை சுலபமாகக் கழன்றது.

ஓர் ஆள் அவனைப் பார்த்து யாரென்று அதட்டினான்.

"ரோட்ல போறவன். சும்மா பாத்துக்கினு நின்னேன்."

பிரஹ்லாத்தின் கண் அவன் பக்கம் திரும்பியது. ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர்கள் களைத்து, ஏரிக் கோடியில் இருந்த கொட்டகைக்குப் போன பிறகுதான் லோகேஸ்வரன் இறங்கி வந்தான். பிரஹ்லாத் வாயைக் கொப்பளித்தான், விரலை விட்டு வாந்தியெடுத்தான், மறுபடி கொப்பளித்தான். பல் ஒன்று கையோடு வந்தது. கோபம்கூட இல்லாமல் சொன்னான்.

"உங்களைப் பத்தி விசாரிச்சேன். நீங்க பக்கத்துல நின்னா எவனும் கிட்ட வரமாட்டான்னு சொன்னா. அந்த தைரியத்துலதான் இந்த ஏரியைச் சொன்னேன்."

லோகேஸ்வரனுக்கு வெட்கத்தில் காது எரிந்தது. பையைக் கீழே வைத்தான். வேண்டாம், போகாதீங்கோ என்று பிரஹ்லாத் பின்னாலிருந்து கத்தியது காதில் ஏறவில்லை. கொட்டகையில் ரங்கன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். முதல் குத்தில் அவன் தாடை இறங்கிவிட்டது. கீழே விழுந்தவன் மேல் உட்கார்ந்து, வாயிலேயே குத்தினான். தன் கை விரலே பிளந்து எலும்பு தெரிந்தது, அப்போதும் குத்தினான். தடுக்க வந்தவனுடைய முழங்கையை மரக்கிளைபோல முறித்தான். சாலையில் போனவர்கள் ஓடிவந்து பிடித்து இழுக்காவிட்டால் கொலையே விழுந்திருக்கும்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பிரஹ்லாத்தை முன்னால் கூப்பிட்டார். நெற்றியில் திருமண்ணோடு வேதாந்தமும் வந்து மகன் தோளைத் தொட்டபடி நின்றார். மல்லிகா குழந்தையோடு வாசலில் நின்றாள். குத்தகை ஆட்கள் உன்னை ஏதாவது செய்தார்களா, சொல், இரண்டு பக்கமும் கேஸ் போடுகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். அப்படி நடந்தால் ராஜிக்கும் வழி உண்டு, ரயிலுக்கும் வழி உண்டு. லோகேஸ்வரனுக்குத் தெரியாத சங்கதியா அது?

நடந்ததைச் சொன்னால் எல்லாம் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பிரஹ்லாத் அவரைப் பார்த்தான். மீன் போன வாயால் அந்த வீட்டுப் பிள்ளை இனிச் சந்நிதியில் என்ன சொல்ல முடியும்?

"யாரும் ஒண்ணும் பண்ணலை சார். கால் வழுக்கி விழுந்தேன்."

காய்ந்த ரத்தத்தில் ஒரு செதில் அவன் மோவாயில் இன்னும் ஒட்டியிருந்தது. லோகேஸ்வரன் அதைப் பார்த்தான். ஒரு விரலை நீட்டிக் காட்டினால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பி, அப்படியானால் நீ எதற்காக அடித்தாய் என்றார்.

"சும்மாத்தான் சார். கை அரிச்சுது" என்றான் லோகேஸ்வரன்.

வாசலில் மல்லிகா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். அவன் திரும்பிப் பார்த்தபோது அவள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.