திரும்பி வந்த பை

பையின் தோள்வார்கள் மறுபடியும் நீண்டிருந்தன.

நேற்றுப் பின்னேரம்தான் லக்ஷ்மிப்பிரியா அவற்றை இழுத்துத் தன் உயரத்துக்குக் குறுக்கி, வழுக்காமல் இருக்க நுனியில் முடிச்சும் போட்டிருந்தாள். இன்றைக்கு வேலையால் வந்து அறைக் கதவைத் திறந்தால் முடிச்சைக் காணோம். வார்கள் இரண்டும் ஆறடி ஆளுக்கு அளவெடுத்ததுபோலத் தொங்குகின்றன. அந்த வீட்டில் ஆறடி ஆள் ஒருவன்தான் இருந்தான். அவன் செத்து இரண்டு வருஷம்.

"மாமி, நீங்களே பையைத் தொட்டது?" என்று மாமி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"எனக்கென்ன வேற வேலையில்லையே?" என்று பதில் வந்தது.

மாமி என்பது விசாலம், செத்துப்போன மிதுஷனைப் பெற்றவள். கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடி ஃப்ளாட்டில், மாமியும் மருமகளும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். எதற்காக இன்னும் ஒன்றாக இருக்கிறீர்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. சண்டை பிடித்தால் பிரிய வேண்டி வருமோ என்ற பயத்தில் சண்டையும் பிடிப்பதில்லை.

மிதுஷன் மலைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இருக்கச் சொன்னால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று பிரியா பகிடி பண்ணுவாள். அப்படி ஏறப்போன இடத்தில், அருவித் தண்ணீர் தேங்கும் கிடங்கு ஒன்றில் குளிக்க இறங்கினான், ஏறவில்லை. பையைப் பாறைமேல் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்கினானாம். ஆள் பெட்டியில் வந்தான். பை ஒரு சொட்டும் நனையாமல் கூடவே வந்தது. அன்று தொட்டு அது அறைக் கதவுக்குப் பின்னால் கொழுக்கியில் தொங்குகிறது.

தொங்குகிறது என்று சும்மா சொல்லிவிடலாம். கூட இருக்கிறவளுக்கல்லவா தெரியும்! மத்தியானம் திரும்பி, கரையோர ரயில் ஒன்று கத்திக்கொண்டு போய் அடங்கிய பிறகு, இடுப்புப் பட்டியின் பூட்டு 'டக்' என்று தானாகப் பூட்டிக்கொள்ளும். காற்று என்று சொல்வார்கள். எந்தக் காற்றுக்குப் பூட்டுப் பூட்டத் தெரியும்? பைக்குக் கீழே நிலத்தில் ஈரம் கசிந்திருக்கும். கடற்காற்றின் ஈரமென்றால் உப்பு மணக்கும், பிசுபிசுக்கும். இது சில்லென்று குளிர்ந்து பாசி மணத்தது. முதுகுப் பக்கத்தைத் தொட்டாலோ, இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டியதுபோலச் சூடு. உடுப்பு மாற்றுவதற்குப் பிரியா குளியலறைக்குப் போகத் தொடங்கி வெகுகாலம். சொந்தப் புருஷனுக்குப் பயந்து ஒளிக்கிற நிலைமை எந்தப் பெண்சாதிக்கும் வரக்கூடாது.

மாமி மட்டும் நாலு மணியானால் பாலில்லாத இஞ்சித் தேநீரான பிளேன்ரீ ஒன்றை அந்த அறை மேசையில் வைத்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு வருவாள். பெற்ற வயிறு, பாவம், வைக்கட்டும் என்று பிரியா விட்டுவிட்டாள்.

அவளை அந்த வீட்டைவிட்டு வெளியே இழுத்தவன் ஜெனிஸ்டன். கொட்டாஞ்சேனைக்காரன், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், மிதுஷனோடு ஒரே ஒஃபிஸில் வேலை பார்த்தவன். கட்டாரில் இருந்த காலத்தில் டிஸ்க் கொல்ஃப் என்று ஒன்றைப் பழகி வந்து, தெஹிவளைக்கு அங்கால் தெரிந்தவர் ஒருவரின் தென்னங்காணியில் சைக்கிள் றிம்மாலும் சங்கிலியாலும் கூடைகள் செய்து நட்டிருக்கிறான். ஞாயிறு காலையில் ஒரு சின்னக் கூட்டம் சேரும். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, மட்டைக்குப் பதில் கை. தட்டை வீசி, விழுந்த இடத்துக்குப் போய் மறுபடி வீசி, குறைந்த வீச்சில் கூடைக்குள் விழுத்த வேண்டும். இதுக்கு ஒரு பேர் வேறயா என்று அலுத்துக்கொண்டு போனவள்தான் பிரியா. அவளுடைய தட்டு முதன்முதலாகச் சங்கிலியில் பட்டுக் கலகலவென்று கூடைக்குள் விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்தது தான்தானா என்று அவளே திரும்பிப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு வேண்டும். இனி அதை யாருக்காகவும் விட அவள் தயாரில்லை.

தட்டுகளில் தூரம் போவது ஒரு வகை, நடுத்தூரத்துக்கு ஒன்று, கிட்ட நின்று கூடைக்குள் போட இன்னொன்று. வேண்டியதை உடனே உருவி எடுக்க, எல்லாவற்றையும் நிறுத்தி அடுக்குகிற பை தேவை. கொழும்பில் எந்தக் கடையிலும் அப்படி ஒன்று இல்லை. "மலை ஏறுற பை பழசு ஒண்டு இருந்தா நாங்களே செய்யலாம்," என்றான் ஜெனிஸ்டன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அதற்காகத்தான் பிரியா வாரைக் குறுக்கிப் பார்த்தாள். அது நீண்டு கிடந்ததைக் கண்டதும் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. பையைக் கொழுக்கியால் இறக்கி, முன் ஹோலின் சாப்பாட்டு மேசையில் போட்டு, உள்ளே இருந்த மழைக்கோட்டு, ரோச் லைட், விசில், காலுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். எல்லாம் எடுத்த பிறகும் பை அதே பாரமாக இருந்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" மாமி குசினி வாசலில் நின்றாள்.

"வெட்டப்போறன் மாமி. விளையாட்டுக்கு ஒரு பை வேணும்."

"வெட்டாத."

"பைதானே மாமி."

"நான் சொல்லுறன், வெட்டாத!" என்றாள் விசாலம். விறுக்கென்று பல்கனிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள்.

பிரியா வெட்டினாள். முன்பக்கத் துணியை மூன்று பக்கமும் வெட்டி மடல்போலத் திறந்தாள். முதல் வெட்டு விழுந்ததும் உள்ளே இருந்து ஒரு மூச்சு வந்து அவளுடைய மணிக்கட்டில் பட்டது. குளிர்ந்த மூச்சு. கத்தரிக்கோல் கையிலிருந்து விழப்பார்த்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் வெட்டினாள். விளம்பரப் பனர் அடிக்கும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் அட்டையை மடித்து உட்சுவராக நிறுத்தினாள். பெயின்ட் வாளி ஒன்றின் அடியை அளவாக அறுத்துப் பைக்கு அடித்தட்டாக வைத்தாள். மேல் பொக்கற்றைக் கிட்டத்துத் தட்டுகளுக்கு என்று ஒதுக்கினாள். இனித் தடித்த தையல்தான் மிச்சம். அது கைஊசிக்கு அடங்காது.

ஜெனிஸ்டன் அவளைக் கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் நபீஸின் கடைக்குக் கூட்டிப்போனான். நபீஸின் மெஷின் தோலையே தைக்கிற மெஷின். முதல் ஊசி முறிந்தது. மாற்றிப் போட்டார், அதுவும் முறிந்தது. மூன்றாவது ஊசியைப் பூட்டிக்கொண்டு பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, வெறும் பை இந்தப் பாரம் பாரிக்குது? உள்ளுக்கு ஆள் ஒண்ட வெச்சிருக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஜெனிஸ்டனுக்கும் முகம் வெளிறிப்போயிருந்தது. தையல் முடிந்து வெளியே வந்ததும் அவன் நடைபாதையிலேயே நின்றுவிட்டான்.

"பிரியா, இந்தப் பைய நான் ஒருக்காத் தூக்கியிருக்கிறன். மிது செத்த எட்டாம் நாள்."

எட்டுச்செலவு தெரியாதவர்களுக்கு விசாலத்தின் வீட்டு முறையைச் சொல்லிவிடலாம். செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து எட்டாம் நாள் பொழுதுபட அறையில் படைத்து, கதவைச் சாத்திவைப்பார்கள். பிறகு அதில் ஒரு பங்கைத் தெருக்கள் கூடும் சந்திக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். செத்தவரும் அதன் பின்னால் போய்விடுவார். சாப்பாடு கொண்டுபோன ஓலைப்பெட்டி திரும்பினால் அவரும் கூடவே திரும்பிவிடுவார், ஆகவே அதையும் அங்கேயே விட்டுவிட்டு, யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். வந்தவர் கால் கழுவ வாசலில் தண்ணீர் இருக்கும், கழுவினால்தான் செத்தவரை அனுப்பிவைத்ததாகக் கணக்கு. மிதுஷனின் ஆண் உறவெல்லாம் கனடாவிலும் லண்டனிலும். பிரியா அன்று சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழும்பவே இல்லை. ஆகவே ஜெனிஸ்டன் போனான்.

"கீழ கேற்றில நிக்கிற வாச்சர் கண்டாச் சத்தம் போடுவான் எண்டு அன்ரிதான் சாப்பாட்ட இந்தப் பைக்குள்ள வச்சுத் தந்தா. சந்தியில சாப்பாட்ட மட்டும் வச்சிட்டு, பைய கட்டாயம் கொண்டு வாங்கோ எண்டா. எனக்கு உங்கட முறையெல்லாம் எங்க தெரியும்? கொண்டு வந்தன். சாப்பாட்ட எடுத்த பிறகும் அது இப்பிடித்தான் கனத்தது."

"கால் கழுவத் தண்ணி தந்தவவே?"

"தண்ணியா? இல்ல. பைய வாங்கிக் கட்டிப்பிடிச்சா. மகன்ட பை, அதான் அழுறா எண்டு நினைச்சன்."

பிரியா உடனே வீட்டுக்குப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அதன் சூடு தொடையில் சுட்டது. இரண்டு வருஷமாகத் தனக்கு விசர்தான் பிடித்துவிட்டதோ என்று அவள் தனக்குள் அழுததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகப் பையை மாமியின் முன்னால் வைத்தாள்.

"பையைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னது தெரிஞ்சோ, தெரியாமலோ?"

விசாலம் மறைக்கவில்லை. "தெரிஞ்சுதான். ஒரே ஒரு பிள்ளை. எட்டாம் நாளே அவனைக் கலைச்சுவிடு எண்டா எந்தத் தாய் கலைப்பாள்? நீயும் ஒண்டைப் பெத்திருந்தால்..." என்று தொடங்கியவள் அந்தப் பேச்சை அப்படியே விழுங்கினாள். விழுங்கியது பிரியாவுக்கு நன்றாகவே தைத்தது.

"எனக்கும் அவரில ஆசைதான் மாமி. உங்களுக்கு மட்டுமே? ஆனா என்ர அறைக்குள்ள போக எனக்குப் பயமாக் கிடக்கு. அவரைக் கதவுக்குப் பின்னால கொழுவி வைச்சிருக்கிறீங்கள். உங்கட பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்டாலும் வீட்டில இருந்தவரே?"

விசாலம் பையின் புதுத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

ஞாயிறு காலையில் பிரியா புறப்படும்போது மாமி சின்ன ஃபிளாஸ்க் ஒன்றைப் பையின் பக்கத்துப் பொக்கற்றில் செருகினாள். "இஞ்சித் தேத்தண்ணி. அவனுக்கு." பிறகு தோள்வாரைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். "பையோட வா. கேட்டுதே? பையோட வா."

பிரியா வாரை மெல்ல விடுவித்துக்கொண்டு போனாள். லிஃப்டின் கதவு மூடியதும், அவள் கை வைக்காமலே இடுப்புப் பூட்டு 'டக்' என்றது. பெருந்தெருவான காலி வீதியில் இறங்கி, மிதுஷன் விரும்பித் தின்னும் மட்டன் ரோல்ஸ் வாங்கி மறுபக்கப் பொக்கற்றில் வைத்தாள்.

அன்றைக்கு அவள் விளையாடிய விளையாட்டை என்னவென்று சொல்ல! தூரத்துக் கூடைக்கு எந்தத் தட்டை எடுக்கலாம் என்று பைக்குள் கை விட்டால், அந்தத் தட்டு மற்றவற்றைவிடக் கொஞ்சம் எழும்பி நின்றது. கிட்டத்துக்கு வேண்டுமென்றால் அதுவும் கைக்கு வந்தது. மடல் கச்சிதமாகத் திறந்தது, அட்டை வளையவில்லை, அடித்தட்டு அசையவில்லை. தன் கையால் இப்படி ஒரு பை செய்தேனே என்று அவளுக்கே பெருமை பிடிபடவில்லை. சங்கிலி கலகலத்தபோதெல்லாம் முதுகில் அந்தச் சூடு குலுங்கியது. அது சிரிப்பு. அவளுக்குத் தெரியாதா அவனுடைய சிரிப்பு? பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. வைத்திருக்கலாமே, ஒவ்வொரு ஞாயிறும் இப்படிக் கூட்டிவரலாமே என்று மனம் ஆசைப்பட்டது. மாமியை இனி எந்த வாயால் குற்றம் சொல்வது?

கடைசிக் கூடையில் தட்டு விழுந்தது. மற்றவர்கள் கலைந்துபோகத் தொடங்கினார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று அவள் வீதிப்பக்கம் திரும்பிய கணத்தில் முதுகில் இருந்த சூடு சட்டென்று அடங்கி, பை ஈரச் சாக்குபோலக் கனத்தது. பாசி மணம் வந்தது.

வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறான்! அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்காததுபோல இருந்துவிட்டால் என்ன என்றும் ஒரு நிமிஷம் யோசித்தாள், அதையும் சொல்லத்தானே வேண்டும். பிறகு தட்டுகளை எல்லாம் உருவி ஷொப்பிங் பேக்கில் போட்டாள். காணிப் பாதை வீதியோடு சேரும் சந்தியில், மதகுக் கட்டின் ஓரமாகப் பையை நிமிர்த்தி வைத்தாள். பக்கத்தில் ரோல்ஸைப் பிரித்து வைத்து, ஃபிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றினாள்.

"இவ்வளவு பாடுபட்டுச் செய்த பை பிரியா..." என்றான் ஜெனிஸ்டன்.

"பையையும் விட்டாத்தான் போவார். நடவுங்கோ. என்ன கேட்டாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது."

நடந்தார்கள். பின்னால் 'டக்' என்று பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு, படுக்கையில் கிடந்துகொண்டு தண்ணி கொண்டு வா என்று கேட்கிற அதே சோம்பல் குரலில், "பிரியா," என்றான்.

ஜெனிஸ்டனுக்கு அது கேட்கவில்லை. அவளுக்குக் கழுத்து நரம்பெல்லாம் பின்னால் இழுத்தது. ஷொப்பிங் பேக்கை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, அழுது அழுது, பஸ் தரிப்பிடம் வரைக்கும் நேரே பார்த்தபடி நடந்தாள்.

நாலாம் மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விசாலம் நின்றாள். மருமகளின் தோளைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"பை எங்க?"

"வைச்சிட்டு வந்திட்டன் மாமி."

விசாலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள், விழப்போகிறாள் என்று பிரியா பயந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"திரும்பிப் பார்த்தனியே?"

"இல்லை."

"அவன் கூப்பிட்டவனோ?"

"ஓம்."

"ஆரைக் கூப்பிட்டவன்?"

பிரியாவின் காதுக்குள் அவளுடைய பெயர் இன்னும் அந்தக் குரலிலேயே இருந்தது. அவனிடமிருந்து அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

"அம்மா எண்டு கூப்பிட்டவர்," என்றாள்.

விசாலத்தின் முகம் கோணியது. உள்ளே போனாள். குசினியில் பைப் திறக்கும் சத்தம் கேட்டது. செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து, வாசலில் குனிந்து, தன் கையாலேயே மருமகளின் காலில் ஊற்றினாள்.

"கழுவிப்போட்டு உள்ள வா பிள்ளை," என்றாள்.